நூல் எட்டாத விரல்

அத்தியாயம் பதினொன்று

வைத்தது வைத்த இடத்தில் இருந்தது.

மேசைமேல் அளவுகோல், அதன் பக்கத்தில் கத்தரிக்கோல், உரிய உறையில் பேனா. குளியலறையில் சோப்பு தன் கிண்ணத்துக்குள் அடங்கியிருந்தது. செருப்புகள் சுவரோரம் ஜோடி பிரியாமல் நின்றன. இந்த ஒழுங்குக்காகத்தான் கணக்காசிரியை இரண்டு ஆண்டுகளாகத் தொண்டை வறளக் கத்தினாள். இப்போது கத்தாமலே கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஒழுங்கைக் குலைக்கும் ஆள் அந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

போனவள் நாத்தனாரின் மகள். தாய் ஆசிரியர் பயிற்சிக்காகப் பின்லாந்துக்குப் போனாள். தகப்பனோ வருடத்தில் பாதியைச் சரக்குக் கப்பலில் கழிப்பவர். ஆகவே பெண்ணை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு வந்த பெண் காலையில் திறந்த வாயை இரவு தூங்கும்போதுதான் மூடுவாள். மாமா அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். அத்தை, "மெதுவா பேசு, சுவருக்கும் காது வலிக்கும்" என்று நாளெல்லாம் அதட்டினாள். பிறகு தாய் திரும்பினாள், தனி வீடு பார்த்தாள், மகளை அழைத்துக்கொண்டாள். பெற்றவள் அழைத்துக்கொண்டதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அன்றிலிருந்து அந்த அறைகளில் அலைந்துகொண்டிருந்தது.

இது போதாதென்று, அண்ணி முப்பது ஆண்டுகளாகக் கணக்கு நடத்தும் அதே பள்ளிக்கு நாத்தனார் பயிற்சியாளராக வந்து சேர்ந்திருந்தாள்.

"இன்னிக்குத்தானே உனக்குப் பரீட்சை?" என்று கேட்டார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ரொட்டியை நின்றுகொண்டே தின்பவர்.

"பரீட்சை இல்லைங்க. கவனிப்பு. அப்படித்தான் சொல்லணும்னு உங்க தங்கச்சி சொல்லியிருக்கா."

"பேரு எதுவானா என்ன? மார்க் போடறது என் தங்கச்சி, வாங்கறது என் பொண்டாட்டி. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டுக்குள்ள நான்."

"மார்க்கெல்லாம் கிடையாது. அதுவும் அவங்க சட்டம்."

"பின்ன என்னதான் தருவா?"

கணக்காசிரியை சிவப்புக் கம்பளி நூல்கண்டு ஒன்றை மடியில் வைத்து, அதன் முனையைக் கத்தரித்து நேராக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஒன்பதாம் வகுப்பு எங்கிட்ட இருக்கலாமா வேணாமான்னு எழுதித் தருவா. சாயங்காலத்துக்குள்ள தலைமையாசிரியர்கிட்ட போகணும். சரியா வரலைன்னா திங்கக்கிழமையிலேருந்து நான் தேர்வு அலுவலகத்துல. விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மெல்வதை நிறுத்தினார். "என் தங்கச்சி அப்படி எழுதுவாளா?"

"பார்த்ததை எழுதுவா. எழுதணும்."

"ரேடியோ அந்த வகுப்புலதானே இருக்கா?"

"அங்க அவ எல்லாரையும் போல ஒருத்தி."

அவர் தன் டம்ளரைக் கழுவி, எவரும் சொல்லாமலே, கவிழ்க்க வேண்டிய இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

இந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து பள்ளி வேறு முகம் காட்டியது. பெஞ்சு வரிசைகள் கலைக்கப்பட்டு நாற்காலிகள் வட்டமாகின. ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் பிள்ளைகளைக் கால் மணி நேரம் வெளியே விட்டார்கள். முதலிடம், இரண்டாமிடம் என்ற பலகை இறங்கியது. ஆசிரியர் ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்த்து, குறை கூறாமல் பேச வேண்டும் என்றார்கள்.

இவற்றில் எதையும் கணக்காசிரியை எதிர்க்கவில்லை. கால் மணி நேர ஓய்வு நல்லதென்றே கண்டாள். திரும்பி வரும் பிள்ளைகளின் கண்கள் கழுவிவிட்டாற்போல இருந்தன. அவளால் இயலாதது ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டபின் பத்து மூச்சு வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது என்றாள் நாத்தனார். கணக்காசிரியை ஒழுங்காக எண்ணிப் பார்த்தாள். நான்காம் மூச்சில் விடை அவள் பல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. ஒருநாளல்ல, ஒவ்வொரு நாளும்.

அதற்கு மருந்தாக நாத்தனாரும் அவளுடைய குழுவும் கண்டுபிடித்ததுதான் நூல் பாடம். பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். பேசுகிறவர் நூலைத் தன் விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அடுத்துப் பேச இருப்பவருக்குக் கண்டை எறிய வேண்டும். ஆசிரியை வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும், பேசக் கூடாது. முடிவில் நடுவே ஒரு வலை விரிந்திருக்கும். யாரிடமிருந்து யாருக்குப் பேச்சுப் போயிற்று, எந்தக் கை வெறுமையாக இருக்கிறது என்பதை அந்த வலையே சொல்லும். பார்வையாளர் உள்ளே இருந்தால் பிள்ளைகள் நடிப்பார்கள் என்பதால், பயிற்சியாளர் கடைசி நிமிடங்களில்தான் வந்து வலையை மட்டும் பார்ப்பார்.

"வாயை மூடிக்கிட்டுச் சம்பளம் வாங்கறதுக்குமா பயிற்சி?" என்றாள் ஆசிரியர் அறையில் அறிவியல் ஆசிரியை. "எங்க வீட்டுக்காரர் கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே செய்யறார். அவரை அனுப்பட்டுமா உங்களுக்குப் பதிலா?"

கணக்காசிரியை சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் மணி அடித்தது.

பலகையில் அவள் எழுதியது ஒரே ஒரு செய்தி. பள்ளி வாசலில் மூன்று படிகள். அடுத்த மாதம் சேரவிருக்கும் ஒரு மாணவன் சக்கர நாற்காலியில் வருவான். சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

எழுதினாள். சுண்ணக்கட்டியை வைத்தாள். சுவரோரம் போய் நின்றாள்.

"படி ஒண்ணு பதினஞ்சு சென்டிமீட்டர், மூணு படி நாப்பத்தஞ்சு," என்றான் வகுப்பில் நெட்டையன் எனப்படுபவன், நூலை விரலில் சுற்றியபடி. "நீளமும் நாப்பத்தஞ்சு வெச்சா போதும். கணக்கு முடிஞ்சுது."

கண்டு பறந்தது.

"கணக்கு முடியும். ஏறறவனும் முடிஞ்சான்," என்றாள் கண்ணாடி போட்ட பெண். "அது சாய்தளம் இல்ல. சறுக்குமரம்."

"அப்ப நூறு வெய்யி."

"நீ ஏறிக் காட்டுவியா?"

"நான் எதுக்கு ஏறணும்? எனக்குத்தான் காலு இருக்கே."

ஆசிரியையின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. இப்போது ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், இருபது நிமிட வீண்பேச்சு மிச்சம். மூச்சை எண்ணினாள்.

ஒருவன் எழுந்து மூலையில் கிடந்த பலகையை இரண்டு தடித்த புத்தகங்கள்மேல் சாய்த்தான். இன்னொருவன் ஒரு பென்சிலை உருட்டிவிட்டான். "வேகமா வருது, இன்னும் தாழ்த்து" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்த, கண்டு யாரிடம் இருக்கிறதென்று தேடும்படி ஆயிற்று. பிறகு, வழக்கமாகக் கடைசியில் உட்கார்ந்து நகம் கடிக்கும் ஒரு பெண் கண்டைக் கேட்டு வாங்கினாள்.

"எவ்ளோ சரிவு இருக்கலாம்னு யாரு முடிவு பண்றது?"

"ஏறப்போறவன்தான்."

"அவனைக் கேட்டீங்களா யாராவது?"

சரிவைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய கணக்காசிரியை, தன் வகுப்பில் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை என்பதை நினைத்தாள். தான் இடைவெளி விட்டதில்லை என்பதையும் நினைத்தாள்.

எவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழைப்பில்லாத கல்யாணத்தில் தூணோடு தூணாக நிற்பவளைப் போல நின்றாள். பாடம் நன்றாக நடந்தது. நன்றாக நடந்த பாடத்தில் தனக்கு இடமில்லை என்பது இவ்வளவு குளிரும் என்று பயிற்சியில் ஒருவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் கண்ணாடிப் பெண் கண்டை எறிந்தாள். "நீ சொல்லு. நீ ஒண்ணுமே சொல்லலையே."

பிடித்தவள் ரேடியோ.

விடை அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அத்தைக்குத் தெரியும். போன ஆண்டு மாமாவோடு ஒரு கட்டடத்துக்குப் போய் வந்தவள், லிஃப்ட் நின்றுபோனால் சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்வார் என்று ஒரு ஞாயிறு முழுவதும் கேட்டுத் துளைத்தாள். மாமா துணி தேய்க்கும் பலகையைச் சாய்த்துக் காட்டினார்: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அன்று மாலைக்குள் வீட்டிலிருந்த ஒவ்வொரு வாசற்படிக்கும் அவள் கணக்குப் போட்டுவிட்டாள். ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னாள். அத்தை அவளை அதட்டினாள்.

ரேடியோ கண்டைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கைத் தாண்டினாள் ஆசிரியை. பத்தைத் தாண்டினாள். வாழ்நாளில் முதல் முறையாக, எண்ணிக்கை முடிந்த பிறகும் காத்திருந்தாள்.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க," என்றது ஒரு குரல், மெல்ல.

"எந்த வாத்தியார்? அவளுக்குத்தான் ரெண்டு இருக்கே."

சிரிப்பு பெரிதாக எழவில்லை. ஆனாலும் எழுந்தது. ரேடியோ உதட்டை மூடினாள். நூலை விரலில் சுற்றாமலே கண்டைப் பக்கத்துப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

பேச்சு மறுபடி ஓடியது. சாய்தளத்தைத் திருப்பிக் கட்டலாமா, மதிலை இடிக்கலாமா, அவனையே வரச்சொல்லிக் கேட்கலாமா. கண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து, முடிவில் வட்டத்தின் நடுவே சிவப்பு வலை கிடந்தது. எல்லா விரல்களிலும் நூல். ஒரு விரலில் இல்லை.

நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. வேகமான, அழுத்தமான நடை, நாத்தனாருடையது.

"விடுங்க," என்றாள் ஆசிரியை. அந்தப் பாடவேளையில் அவள் பேசிய முதற்சொல் அதுதான். "எல்லாரும் நூலை விடுங்க."

கை சுற்றத் தொடங்கியது. அவிழ்ந்து கிடப்பதைக் கண்டால் சுற்றிவைக்கும் கை அது. நூல் எங்கோ ஒரு நாற்காலிக்காலில் சிக்கி இழுத்தது. ரேடியோ குனிந்து அதை விடுவித்துக் கொடுத்தாள். கதவு திறந்தபோது, கண்டு காலையில் இருந்ததைப்போலவே உருண்டையாக ஆசிரியையின் உள்ளங்கையில் இருந்தது.

பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். நாத்தனார் வாசலில் ஒதுங்கி நின்று ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். வெறும் தரையைப் பார்த்தாள்.

"வலை எங்க அண்ணி?" பள்ளியில் டீச்சர் என்றுதான் அழைப்பாள்; வாய் தவறிவிட்டது.

"சுத்திட்டேன்."

"சுத்திட்டீங்க."

"கலைஞ்சு கிடந்துது."

"கலைஞ்சுதான் கிடக்கணும். அதைப் பார்க்கத்தானே நான் வந்தேன்?"

"தெரியும். கைப்பழக்கம்."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் கண்டோடு சேர்த்துக் கைப்பைக்குள் போட்டாள்.

நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி, நடந்ததைச் சொல்லுங்க. எழுதிக்கறேன். யார் கையில நூல் இல்ல? அது ஒண்ணு தெரிஞ்சாக்கூடப் போதும். விட்டுப்போன பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யப்போறீங்கன்னு எழுதிடலாம்."

"சொல்ல மாட்டேன்."

"விளையாடறீங்களா? தலைமையாசிரியர் என்ன நினைப்பார்? பாடம் சொதப்பிடுச்சு, அதை மறைக்கச் சுத்திட்டாங்கன்னு நினைப்பார்."

"நினைக்கட்டும்."

"உங்களுக்காகத்தான் கேக்கறேன்."

"எனக்காகக் கேக்காதே," என்றாள் கணக்காசிரியை. பலகையில் இருந்த கேள்வியை அழிக்காமல் வெளியே போனாள்.

மதியம் அவளுக்கு வகுப்பில்லை. ஆசிரியர் அறைச் சன்னல் வழியே பார்த்தாள். முற்றத்தில் பந்து உருண்டது, கயிறு சுழன்றது, இருவர் இருவராகத் தோள்மேல் கைபோட்டுத் திரிந்தார்கள். வாசலின் மூன்று படிகளில் நடுப்படியில் ரேடியோ தனியாக உட்கார்ந்திருந்தாள். மேற்படியின் விளிம்பில் கையை விரித்து, சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை, உயரத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்தபின் அதைச் சொல்ல அவளுக்கு ஆளில்லை.

இறங்கிப் போகலாம். போனால் அத்தையாகப் போவதா, டீச்சராகப் போவதா என்ற கேள்வி காலைக் கட்டியது. சன்னலை விட்டு நகர்ந்தாள்.

மாலையில் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். மகளை அழைத்துப் போனபிறகு இன்றுதான் அந்த வாசலில் கால் வைக்கிறாள். அண்ணன் வீட்டில் இல்லை; ஏதோ அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போயிருந்தார்.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவள் சட்டென்று திரும்பிப் போய் அதை நேராக வைத்துவிட்டு வந்தாள். கணக்காசிரியை தேநீர் வைத்தாள்.

"பிள்ளைங்க வகுப்பை விட்டு வெளிய போனப்ப ஒவ்வொருத்தர் கையையும் பார்த்தேன்," என்றாள் நாத்தனார். "கம்பளி நூல் அழுத்தினா விரல்ல சிவப்பா ஒரு கோடு இருக்கும். எல்லாருக்கும் இருந்துது. ஒருத்திக்கு இல்ல."

அண்ணி சர்க்கரை டப்பாவை மூடி, அதன் இடத்தில் வைத்தாள்.

"அப்ப உறைக்கல. மத்தியானம் சாப்பிட உக்காந்தப்பதான் உறைச்சுது. அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கல."

"தெரிஞ்சுதுன்னா எதுக்கு வந்தே?"

"நீங்க சொல்வீங்களான்னு பார்க்க வந்தேன்."

"சொல்ல மாட்டேன்னு அப்பவே சொன்னேனே."

தேநீர் இருவருக்கும் நடுவில் ஆவி விட்டது. நாத்தனார் டம்ளரைத் தொட்டாள், எடுக்கவில்லை.

"வீட்லயும் அப்படித்தான் அண்ணி. நான் கேக்கறேன். பள்ளிக்கூடம் எப்படி இருந்துது, சாப்பாடு பிடிச்சுதா, புது ரூம் பிடிச்சுதா, ஏதாவது வேணுமா. எல்லாத்துக்கும் ஒரே 'ம்'. சுவத்தைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடறா. அங்க இருந்தப்ப சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். அந்த இருட்டுல உக்காந்து, திரும்பிப் போனா இவ பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு நினைப்பேன். திரும்பி வந்தா வீட்ல அதே இருட்டு." நிறுத்தினாள். "உங்ககிட்ட மட்டும் எப்படிப் பேசினா? நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? மெதுவா பேசுன்னு திட்டினேன்."

"உண்மையைச் சொல்லுங்க."

"உண்மைதான். திட்டினேன், அவ பேசினா. அவ பேசினா, நான் காய் நறுக்கிக்கிட்டே கேட்டேன்." கணக்காசிரியை டம்ளரை அவள் பக்கம் தள்ளினாள். "நாலு கேள்வி கேட்டேன்னியே, நாலுக்கும் நடுவுல எத்தனை மூச்சு விட்டே?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களுக்கெல்லாம் எண்ணச் சொல்லிக்கொடுத்தே. நீ எண்ணினியா?"

"ஊருக்குத்தான் உபதேசம்னு குத்திக்காட்டறீங்க."

"குத்தல. கேட்டேன்."

வெளியே யாரோ மாடிப்படி ஏறினார்கள், ஏறிப் போய்விட்டார்கள். நாத்தனார் கைப்பேசியை எடுத்தாள். "இதையே எழுதிடறேன். பேசாத பிள்ளை என் மகள்தான், அவளைக் காப்பாத்தத்தான் டீச்சர் வலையைச் சுத்திட்டாங்க. அப்படி எழுதினா உங்க வகுப்பு உங்களுக்கு நிக்கும்."

"வகுப்பைப் பார்த்தியா?"

"விரலைப் பார்த்தேன்."

"விரலைப் பார்த்தே. வகுப்பைப் பார்க்கல. பார்க்காததை எழுதாதே." அவள் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. "அந்தக் காகிதம் தலைமையாசிரியர் மேசையோட நிக்குமா? ஆசிரியர் அறைக்கு வரும். அங்கேயிருந்து பிள்ளைங்க காதுக்குப் போகும். பயிற்சி கொடுக்கறவ பொண்ணு வாய் திறக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லும். அவ திங்கக்கிழமை வகுப்புக்குள்ள எப்படி நுழைவா?"

"அப்ப இன்னொரு தடவை பாடம் வைங்க. நான் கேட்டு வாங்கறேன்."

"ஓவிய ஆசிரியர் கேட்டப்ப ரெண்டாம் தடவை கொடுத்தியா?"

நாத்தனார் கொடுக்கவில்லை; சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று அவளே சொல்லியிருந்தாள்.

"அப்ப எனக்கும் வேணாம்."

"அண்ணி, அது உங்க வகுப்பு."

"முப்பது வருஷமா என் வகுப்பு. இன்னிக்கு ஒரு நாள் அவங்க வகுப்பா இருந்துது. நல்லா இருந்துது." அவள் தேநீர் டம்ளர் இருந்த இடத்தில் படிந்த ஈர வட்டத்தைத் துணியால் துடைத்தாள். "எழுது."

நாத்தனார் எழுதினாள். எழுதியதைக் காட்டினாள். கணக்காசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மாணவியின் விடைத்தாளைப் படிப்பதுபோல் படித்தாள்.

"தோல்வின்னு போட்டிருக்கே. தோல்வியை நீ பார்க்கலையே. கவனிப்பு நிறைவேறலைன்னு போடு. காரணம், ஆசிரியை வலையைக் கலைத்துவிட்டார். அவ்வளவுதான். அதுல ஒரு சொல் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

திருத்தினாள். விரல் கொஞ்ச நேரம் திரைமேல் நின்றது. பிறகு அழுத்தியது.

"போயிடுச்சு," என்றாள்.

"சரி."

வாசலில் செருப்பு மாட்டும்போது நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அவளை அனுப்பறேன்."

"நீ அனுப்பாதே. அவ வர்றேன்னு சொன்னா விடு."

கதவு மூடியது. வீடு மறுபடி வைத்தது வைத்த இடத்துக்குத் திரும்பியது. கணக்காசிரியை கைப்பையிலிருந்து கண்டை எடுத்தாள். காலையில் தானே கத்தரித்து நேராக்கிய முனையைத் தேடினாள். அது இல்லை. முனை பிய்ந்து, பிசிறாக நின்றது. நாற்காலிக்காலில் சிக்கியபோது ஒரு துண்டு அறுந்து போயிருக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டவில்லை. பிசிறைப் பிசிறாகவே விட்டு, கத்தரிக்கோலை மேசையின் நடுவில், அதற்குரிய இடமல்லாத இடத்தில், வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். சுவரோரம் நிற்கக்கூட அவளுக்கு அங்கே இடமிராது.

புது வீட்டில் ரேடியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

தாய் உள்ளே வந்தாள். நாவின் நுனியில் கேள்விகள் வரிசையாக வந்து நின்றன: சாப்பாடு போதுமா, வீட்டுப்பாடம் முடிந்ததா, ஏன் விளக்கைப் போடவில்லை. விழுங்கினாள். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவள் மகளின் விரலைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூல், ஒரே ஒரு சுற்று, இறுக்கமாக.

ஒரு மூச்சு விட்டாள். இரண்டு. இது என்ன, எங்கே எடுத்தாய், ஏன். மூன்று. நான்காம் மூச்சில் வாய் தானாகத் திறந்தது; கையால் மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்கு எத்தனை எளிதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது. எட்டு. ஒன்பது. ரொட்டியின் கடைசித் துண்டு போயிற்று. பத்தும் கடந்தது.

"ஏன் இன்னிக்கு ஒண்ணும் கேக்கல?" என்றாள் மகள்.

தாய் தலையை மட்டும் அசைத்தாள்.

மகள் சுவரிலிருந்து கொஞ்சமாகத் திரும்பினாள். "கண்டு எங்கிட்ட வந்துதும்மா. எனக்குப் பதில் தெரியும். சரியா சொன்னா அத்தை சொல்லிக்கொடுத்துதும்பாங்க. தப்பா சொன்னா அம்மா ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலம்பாங்க. அதான் வாயே வரல." நூலை விரலில் சுழற்றினாள். "அத்தை காத்துக்கிட்டிருந்தாங்க. அத்தை காத்துக்கிட்டிருந்து நான் பார்த்ததே இல்ல. அவங்க முகமெல்லாம் சிவந்துபோச்சு, ஆனா பேசல. அப்புறம் நீங்க வர்ற சத்தம் கேட்டதும் எனக்காக எல்லாத்தையும் சுத்திட்டாங்க. யாருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சுது."

மூன்று வாரத்தில் அவள் பேசியதெல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு இராது.

"அஞ்சு மீட்டர் நாப்பது சென்டிமீட்டர் வேணும். வாசல்ல அவ்ளோ இடம் இல்ல, அதனால நடுவுல ஒரு தடவை திருப்பணும். நான் அளந்து பார்த்துட்டேன்." குரல் ஏறிக்கொண்டே வந்தது, பழைய ரேடியோவின் குரல். "திங்கக்கிழமை முதல் பீரியட் கணக்குதானே? கண்டு வர்ற வரைக்கும் இருக்க மாட்டேன். நானே கேட்டு வாங்கிச் சொல்லப்போறேன். யாரு சிரிச்சாலும் சரி, அத்தையைப் பார்த்துக்கிட்டே சொல்லிடுவேன். அத்தை அங்கதானே நிப்பாங்க, சுவத்துகிட்ட?"

தாய் வாய் திறந்தாள்.

கவிழ்ந்து கிடந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து, விளிம்பில் ஒளிக்கோடு காட்டி, அணைந்தது. தலைமையாசிரியரின் பதிலாக இருக்கும்.

"அம்மா?"

மகள் அவசரப்படுத்தவில்லை. நூல் சுற்றிய விரலை மேசைமேல் வைத்துக்கொண்டு, தாயின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.